நோட்டீஸ் வந்த பிறகு ஆடிட்டரைத் தேடாதீர்கள்

ஓசூரில் ஆடிட்டராக இருக்கிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் சிட்கோ பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மஞ்சப்பையில் சர்ஃபாசி 13(2) நோட்டீஸைப் போட்டுக்கொண்டு வந்தார், 60 நாளில் பாக்கியைக் கட்டாவிட்டால் ஜாமீன் சொத்தை எடுப்போம் என்று பேங்க் அனுப்பும் நோட்டீஸ் அது. 60 நாள் கெடுவில் பெரும்பகுதி ஓடிவிட்டது. ஜாமீன் சொத்து அப்பா கட்டிய வீடு. "பேங்க்கில் முன்னாடியே பேசினீங்களா?" என்றால், "எப்படி சார் பேசறது, சொன்னா லிமிட்டையே மூடிடுவாங்களே" என்கிறார். இதே பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

பேங்க்குக்குத் தெரியாது என்று நீங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியும். உங்கள் சிசி அக்கவுண்டில் (கேஷ் கிரெடிட், லிமிட் வரை எடுத்துப் போட்டுப் புழங்கும் கடன்) வரவு குறைவது தெரியும், செக் திரும்புவது தெரியும், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தாமதமாவது தெரியும். தவணைக் கடனில் டியூ தேதி தாண்டியதுமே கணக்கு எஸ்எம்ஏ 0 என்று (எஸ்எம்ஏ என்றால் கடன் நலிகிறது என்ற எச்சரிக்கைக் குறி) குறிக்கப்படும், 30 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ 1, 60 தாண்டினால் எஸ்எம்ஏ 2, 90 தாண்டினால் என்பிஏ, அதாவது வாராக்கடன். இதை மேனேஜர் உட்கார்ந்து எழுதுவதில்லை, சிஸ்டம் தானாகப் போட்டுவிடும். அவர் உங்கள் மாமாவாக இருந்தாலும் நிறுத்த முடியாது. ஆக, நீங்கள் வாய் திறக்காததால் மறைவது ஒன்றுமில்லை, போவது அந்த 90 நாள் மட்டும்தான். சொன்னால் மூடிவிடுவார்கள் என்கிறீர்களே, சொல்லாதவர்களுக்குத்தான் மூடுகிறார்கள். என் மேஜைக்கு வரும் நோட்டீஸ்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2015 மே 29-ல் மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது, 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதையொட்டி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள சிறுதொழில் நலிய ஆரம்பித்தால் என்பிஏ ஆவதற்கு முன்பே அதைச் சரிசெய்யும் வழியைப் பார்க்க வேண்டும். 10 லட்சம் வரை கிளை மேனேஜரே பார்ப்பார், அதற்கு மேல் போனால் ஒரு கமிட்டி, அதில் வெளி நிபுணர் ஒருவருக்கும் மாநில அரசுப் பிரதிநிதி ஒருவருக்கும் இடம் உண்டு. முக்கியமான விஷயம், "எனக்குக் கஷ்டம் வரப்போகிறது" என்று நீங்களே போய் விண்ணப்பிக்கலாம். 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றது. கூடவே, நான் சிறுதொழில்தான் என்பதற்கான சான்றுகளைக் கணக்கு என்பிஏ ஆகும் முன்பே காட்டிக் கேட்க வேண்டியது கடன் வாங்கியவரின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது. அதுவரை சும்மா இருந்துவிட்டு, வீடு ஏலத்துக்கு வரும்போது "நான் எம்எஸ்எம்இ" என்று ஓடினால் எடுபடாது. உத்யம் சான்றிதழ், அதாவது சிறுதொழில் பதிவுச் சான்று, இலவசம். அதைக்கூட எடுத்து பேங்க்கில் கொடுத்து வைக்காதவர்களை என்ன சொல்வது!

இப்போது இன்னொரு கம்பெனி. அதன் முதலாளி முதல் தலைமுறைத் தொழில்காரர், பாய்மரப் படகுக்கான ஸ்டீல் சாமான்கள் செய்கிறார். ஷேக்கிள், டர்ன்பக்கிள், புல்லி பிளாக், கிளீட் இப்படி. பரிசல் தவிர வேறெதுவும் மிதக்காத மாவட்டத்தில் இருந்துகொண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். உப்புத் தண்ணீரில் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் துருப்புள்ளி விழும், அதனால் மாலிப்டினம் கலந்த 316 தான் வாங்க வேண்டும். விலை கூட. ரேக்கில் தூங்கும் ஒவ்வொரு பெட்டியும் பேங்க் பணம்.

கொரோனா காலத்தில் வெளிநாட்டில் ஆளாளுக்குப் படகு வாங்கினார்கள், ஆர்டர் கொட்டியது. இவர் சிசி லிமிட்டிலிருந்தே பணத்தை எடுத்து ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும்) மிஷினை இறக்கினார். (செய்யாதீர்கள். சிசி என்பது சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும். மிஷினுக்கு டேர்ம் லோன் என்று தனியாக ஒன்று இருக்கிறது.) 2023-ல் அந்தப் பக்கம் படகு விற்பனை படுத்தது, பையர் ஆர்டரை வெட்டினார், போன சரக்குக்கும் பணத்தை இழுத்தடித்தார். சிறுதொழிலிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற நம் ஊர் 45 நாள் சட்டத்தை வைத்து வெளிநாட்டுக்காரரை ஒன்றும் செய்ய முடியாது, அதற்குத்தான் ஈசிஜிசி பாலிசி, ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு தரும் காப்பீடு. பிரீமியம் தண்டம் என்று எடுக்கவில்லை. அப்புறம் வழக்கமான கதைதான், ஆப் லோன், கைமாற்று, தண்டல். சம்பளத்தில் பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டார். இதைப் பற்றி ஒரு வார்த்தை: தொழிலாளி பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் இருப்பது கிரிமினல் குற்றம். கெடு தாண்டிக் கட்டினால் அதற்கு வருமான வரிக் கழிவும் கிடையாது என்று அப்போதிருந்த சட்டப்படி 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எதை நிறுத்தினாலும் இதை நிறுத்தாதீர்கள்.

லேத்காரருக்கும் இவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். கணக்கு எஸ்எம்ஏ 2-ல் இருக்கும்போதே, வீட்டம்மா திட்டியதால் என்றுதான் சொன்னார், கிளம்பி வந்துவிட்டார். பேங்க்குக்கு எழுத்தில் கொடுத்தோம். கமிட்டியில் கேட்ட கேள்விகள் கடுமையாகவே இருந்தன, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், ஆனால் யாரும் கதவைச் சாத்தவில்லை. பேங்க் அனுமதியோடு அந்த சிஎன்சியை விற்று லிமிட்டுக்கு மேல் நின்ற தொகையை அடைத்தார். அனுமதியோடு என்பதைக் கவனியுங்கள், அடமான மிஷினை ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏற்றினால் அது வேறு கேஸ்.

வருமானத்துக்கு வழி அவரே கண்டுபிடித்தார், அதில் எனக்குப் பங்கில்லை. காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் ஸ்டெயின்லெஸ் யூனியன், கிளாம்ப், வால்வு எல்லாம் வேண்டும். சீசனுக்கு முன்னால் பராமரிப்பு வேலை ஓடும். அதே 316, அதே ஆட்கள். இங்கே 45 நாள் சட்டமும் செல்லும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கியவர் பணம் கொடுக்கும் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்கவும் முடியாது, அதனால் மார்ச் மாதம் போன் பண்ணினால் எடுக்கிறார்கள். படகு ஆர்டரும் மெல்லத் திரும்புகிறது, இப்போது பாதி முன்பணம் இல்லாமல் ராடை வெட்டுவதில்லை.

"நொடிச்சா மூட வேண்டியதுதானே" என்பவர்களுக்காக அவர் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம். ஜெர்மனியின் பவேரியா படகுக் கம்பெனி 2018 ஏப்ரலில் தானாகவே திவால் மனு போட்டது, படகு கட்டுவது நிற்கவில்லை, செப்டம்பரில் ஒரு பெர்லின் முதலீட்டு நிறுவனம் வாங்கி நடத்தியது. அதே வருடம் பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஆய்ஸ்டர் கம்பெனிக்கு முதலீட்டாளர் பணத்தை நிறுத்தினார், ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ச்சில் புது முதலாளி வந்து மீட்டார், ஆனால் அது அதிர்ஷ்டம். நம் நாட்டிலும் 2021 ஏப்ரலிலிருந்து சிறுதொழிலுக்கென்று முன்கூட்டிப் பேசி முடிக்கும் திவால் வழி இருக்கிறது, பாக்கி குறைந்தது 10 லட்சம் இருக்க வேண்டும், நிர்வாகம் முதலாளி கையிலேயே இருக்கும். ஆனால் அது கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம்) மட்டும். ஓசூரில் பாதிப் பேர் புரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப். உங்களுக்கு அந்தக் கதவு இல்லை, பேங்க் கடிதம்தான்.

சரி, அந்தக் கடிதம். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். ஏன் பணம் நின்றது, யார் எவ்வளவு தர வேண்டும், எதை விற்க முடியும், எவ்வளவு அவகாசம் வேண்டும். 2015 அறிவிக்கையின் கீழ் பரிசீலிக்கும்படி ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஸ்டாக் விவரம் இணையுங்கள். மறுசீரமைப்பு என்று போனால் கணக்கின் தரம் இறங்கலாம், புதுக் கடனுக்குக் கொஞ்ச காலம் சிரமம், அதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். தண்டல்காரரிடம் வாங்கி பேங்க் வட்டி கட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள், தயவுசெய்து. கடிதம் கொடுக்கும்போது நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். "வாயால சொன்னேன் சார்" என்பதை வைத்துக்கொண்டு என்னால் எங்கும் வாதாட முடியாது.