நரம்பு கிடைக்காவிட்டால் எலும்பு இருக்கிறது

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ டெங்கு முற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கு "நரம்பு கிடைக்கலைம்மா" என்ற பேச்சு பழகியிருக்கும். டிரிப்ஸ் ஏற்றக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. டெங்குவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்ச் சுவர் வழியே கசிந்துவிடுகிறது. உடம்பு உடனே தோலடிக் குழாய்களைச் சுருக்கி, இருக்கிற ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் திருப்புகிறது. கைச் சிரைகள், அதாவது பேச்சில் 'நரம்பு' என்று சொல்லும் ரத்தக் குழாய்கள், ஒட்டிப்போகின்றன. நீர் அவசரமாக வேண்டிய நேரத்தில்தான் அதை ஏற்ற வழி இல்லாமல் போகிறது.

எலும்புக்குள் இருக்கும் சிரைகள் அப்படி ஒட்டிப்போவதில்லை. அதனால் ஊசியை நேராக எலும்புக்குள் இறக்கி நீர் ஏற்றலாம். பாயாவில் வரும் நல்லி எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே கெட்டி ஓடு, நடுவே மஜ்ஜை. உயிருள்ள எலும்பில் அந்த மஜ்ஜை முழுக்க நுண்ணிய ரத்த அறைகள். சுற்றிலும் எலும்பு தாங்குவதால் ரத்த அழுத்தம் விழுந்தாலும் அவை திறந்தே இருக்கும். அங்கே செலுத்திய மருந்து எலும்பிலிருந்து வெளிவரும் சிரைகள் வழியே சீக்கிரமே இதயத்தை எட்டிவிடும். சலைன், ரத்தம், அட்ரினலின் எல்லாம் இப்படிப் போகலாம்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே தட்டுப்படும் மேட்டிலிருந்து ஒரு விரல் இறங்கி, உட்பக்கத் தட்டையான இடத்தில் குத்துவார்கள். அங்கே சதை அதிகமில்லை. எலும்பு வளரும் பகுதிக்கும் தள்ளியே இருக்கிறது. ஊசியைத் திருகி அழுத்த, ஓடு தாண்டியதும் சட்டென்று பிடிப்பு விடும். கையை எடுத்தாலும் ஊசி தானாக நிற்கும். அப்புறம் கொஞ்சம் சலைன் தள்ளி, கெண்டைக்கால் வீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வீங்கினால் ஊசி இடம் தப்பிவிட்டது. சதைக்குள் நீர் சேர்ந்தால் காலுக்கே ஆபத்து. உடைந்த எலும்பில் குத்தவே கூடாது. நினைவோடு இருப்பவருக்கு ஊசி இறங்குவதைவிட நீர் பாயும்போதுதான் வலி அதிகம். அதனால் முதலில் மரத்துப்போகும் மருந்தை மெல்லச் செலுத்துவார்கள்.

1922-லேயே டிரிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலும்பு மஜ்ஜையின் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்து இந்த வழியைச் சுட்டிக்காட்டினார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்பட்டது. பிளாஸ்டிக் ஊசிக்குழாய் வந்ததும் மறந்துபோனது. இந்தியாவில் காலரா பரவியபோது மருத்துவர்கள் எலும்பு வழியே நீர் ஏற்றுவதைக் கண்ட ஜேம்ஸ் ஓர்லோவ்ஸ்கி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1984-ல் அதைப் பற்றி எழுதினார். அப்புறம்தான் அது திரும்பி வந்தது. காலரா என்றதும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரியை நினைக்கிற நமக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரிதான்.

"எலும்பில் குத்தினால் கால் ஊனமாகுமோ" என்று பெற்றோர் பதறுவது நியாயம். ஆனால் கையில் தேடித் தேடி நிமிடங்களை இழப்பதுதான் பெரிய ஆபத்து என்பேன். எலும்பில் சீழ் பிடிப்பது மிக அரிது. முதலில் ஏற்றிய நீர் வேலை செய்ததும் கைச் சிரைகள் தட்டுப்படும். அங்கே வென்ஃப்ளான் என்ற பிளாஸ்டிக் ஊசிக்குழாயைப் போட்டுவிட்டு எலும்பு ஊசியைக் கழற்றிவிடுவார்கள். பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் அதை விட்டுவைப்பதில்லை.