சாம்பிளுக்குத் தமிழ் மாதிரியா, கூறா?

துணிக்கடையில் சாம்பிள், ரத்தப் பரிசோதனைக்கு சாம்பிள். ஆய்வேடு எழுத உட்கார்ந்தால் மட்டும் அது "மாதிரி" ஆகிவிடுகிறது. தவறில்லைதான், அரசே தேசிய மாதிரி ஆய்வு என்றுதான் சொல்கிறது. ஆனால் மாடலும் மாதிரி, 'போல' என்பதும் மாதிரி. புள்ளியியலில் மாடலும் சாம்பிளும் ஒரே பத்தியில் வந்தால் "மாதிரிக்கு ஏற்ற மாதிரி" என்று எழுதிவிட்டு நாமே விழிக்க வேண்டியிருக்கும்.

சாம்பிள் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'எக்ஸெம்ப்ளம்' என்பதிலிருந்து வந்தது. எக்ஸாம்பிளும் அதே வயிற்றுப் பிள்ளை. அதன் வேருக்கு 'வெளியே எடுத்தல்' என்று பொருள். அதனால்தான் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வரும் "கூறெடுத்தல்" எனக்குப் பிடிக்கிறது, எடுத்தல் அதிலேயே இருக்கிறது. சந்தையில் கத்திரிக்காயைக் கூறு போட்டு விற்பார்களே, அதே கூறுதான். பின்னால் ஒரு முழுக்கூடை இருப்பதையும் அது நினைவூட்டுகிறது. அந்தக் கூடைதான் முழுமைத்தொகுதி, அதாவது நாம் ஆராய நினைக்கும் மொத்தக் கூட்டம்.

அடுத்தது ரேண்டம். பேருந்து நிலையத்தில் நின்று எதிரே வந்த நூறு பேரிடம் கேட்டுவிட்டு "ரேண்டமாக எடுத்தேன்" என்பார்கள். அது வசதிக்குக் கிடைத்தவர்களைப் பிடிப்பது, அவ்வளவுதான். இலங்கைத் தமிழில் ரேண்டமுக்கு எழுமாற்று என்பார்கள், நம் பாடநூல்களில் சமவாய்ப்பு. எளிய சமவாய்ப்புக் கூறெடுத்தல் என்று சொன்னாலே முழுமைத்தொகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு வாய்ப்பு கிடைத்ததா என்ற கேள்வி வந்துவிடும். காரில் போகிறவரும் வீட்டிலேயே இருப்பவரும் அந்தப் பேருந்து நிலையத்தில் எப்படிச் சிக்குவார்கள்?

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜெஸ்ட் இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது, 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 46 மாநிலங்களில். பெயர்கள் எடுத்ததில் பெரும்பகுதி தொலைபேசி, கார் பதிவுப் பட்டியல்களிலிருந்து; அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் அவை யார் வீட்டில் இருந்திருக்கும்? போதாததற்கு, பதில் போட்டவர்களும் ஒரு தனி ரகம்.

உடனே "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். சரி, ஆனால் ஒரே அரிசி ஒரே கொதியில் வெந்ததால்தான் அது செல்லுபடியாகிறது. ஊர் மக்கள் கலவைச் சோறு. அதற்குத்தான் அடுக்கு முறை: வயது, வருமானம் என்று முதலில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சமவாய்ப்பில் எடுப்பது.

அப்புறம் 'ஸ்னோபால்'. ஒருவரைப் பிடித்து, அவர் கைகாட்டும் அடுத்தவரைப் பிடித்துப் போவது. பனிப்பந்து என்று மொழிபெயர்க்கிறார்கள், மதுரையில் யார் பனியை உருட்டிப் பார்த்தது? நான் "ஆள்வழிக் கூறெடுத்தல்" என்று எழுதிப் பார்த்தேன், படித்த நண்பர் விளக்கமே கேட்கவில்லை.