அணுக்கப்பலுக்கும் பசிக்கும்

அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல்கள் அணு உலையால் ஓடுபவை. இருபது ஆண்டுகளுக்கு மேல் உலைக்கு எரிபொருள் மாற்ற வேண்டியதில்லை. பிறகு ஏன் ஓர் எண்ணெய்க் கப்பல் கூடவே போகிறது? உலை கப்பலைத்தான் நகர்த்தும். மேல்தளத்து விமானங்கள் குடிப்பதோ மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவான எரிபொருள். ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு வேண்டும், குண்டுகளும் தீரும். துணைக்கு வரும் நாசகாரிக் கப்பல்களில் (டெஸ்ட்ராயர் எனும் போர்க்கப்பல்களில்) அணு உலையே கிடையாது.

இந்தப் பசிக்கெனக் கட்டப்பட்டவை 'சப்ளை' வகைக் கப்பல்கள். மொத்தம் நான்கு, முதலாவது 1994இல் பணியில் சேர்ந்தது. எண்ணெய்க்கு ஒன்று, வெடிமருந்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கப்பல்கள் செய்த வேலையை ஒன்றே செய்கிறது: 1,77,000 பேரல் எண்ணெய், 2,150 டன் வெடிமருந்து, 500 டன் உலர்பொருள், 250 டன் குளிரூட்டிய உணவு. இத்தனை சுமையோடு மணிக்கு 46 கிலோமீட்டர் வேகம் போகும். மெதுவாக ஊர்ந்தால் போர்க்கப்பல்கள் அதற்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும்.

கைமாற்றுவதுதான் கடினம். நிறுத்திவிட்டு ஊற்றலாமே என்று தோன்றும். ஆனால் நீர் ஓடினால்தான் கப்பலைத் திருப்பும் சுக்கானுக்குப் பிடிமானம். நின்ற கப்பல் அலை தள்ளிய பக்கம் போகும். எனவே இரண்டும் மணிக்கு 24 கிலோமீட்டர் அளவில், ஏறத்தாழ 50 மீட்டர் இடைவெளியில், பக்கம் பக்கமாக ஓடுகின்றன.

அந்த இடைவெளிதான் வில்லங்கம். இரு உடல்களுக்கு நடுவே நெருக்கப்படும் நீர் வேகம் எடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். நடுப்பகுதிகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. அணியத்தின், அதாவது கப்பல் முனையின், முன்னே குவியும் நீரோ அழுத்தம் மிகுந்து, அணியங்களை விலக்கித் தள்ளுகிறது. பெரிய லாரி உரசினாற்போல் கடக்கும்போது இருசக்கர வாகனம் தடுமாறுமே, அதன் கடல் வடிவம் இது. ஆகவே கொடுக்கும் கப்பல் திசையும் வேகமும் மாறாமல் போகும். வாங்கும் கப்பல்தான் சுக்கானை ஒரு பாகை, இரண்டு பாகை என்று திருப்பித் தன்னைச் சரிசெய்துகொண்டே வரும். சுக்கான் பிடிப்பவருக்கு மணிக்கணக்கில் கண் இமைக்க நேரமில்லை.

முதலில் துப்பாக்கியால் ஒரு மெல்லிய நூலை எறிவார்கள். அதைப் பற்றி இழுத்தால் கயிறு, கயிற்றின் பின்னே எஃகு வடம். கப்பல்கள் ஆடும்போது வடம் அறாமலும் தொய்யாமலும் இருக்க ஓர் இயந்திரம் அதைத் தளர்த்தியும் இழுத்தும் சரிசெய்கிறது. எண்ணெய்க் குழாய் அந்த வடத்தில் தொங்கியபடி மறுகரை சேரும்.

1917இல் அட்லாண்டிக் நடுவே 'மாமி' என்ற எண்ணெய்க் கப்பல், ஓடிக்கொண்டே நாசகாரிகளுக்கு எண்ணெய் கொடுத்தது. அந்த முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அதன் தலைமைப் பொறியாளர் செஸ்டர் நிமிட்ஸ். ஆம், அந்த விமானந்தாங்கிகள் தாங்குவது இவர் பெயரைத்தான்.

வேலை முடிந்து குழாயும் வடமும் திரும்பியதும், வாங்கிய கப்பல் வேகமெடுத்து விலகும். அப்போது அமெரிக்கக் கப்பல்களில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு போடுவது வழக்கம். எந்தப் பாட்டு என்பது அந்தந்தக் கப்பலின் விருப்பம்.