“நம்ம ஆளு உங்ககிட்ட வர்றானாமே?”

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்த முகம் ஒன்றாவது தட்டுப்படும். குடிநோய் சிகிச்சையில் ஆலோசகராக இருப்பவருக்கு இது சங்கடமான விஷயம். பெருநகரத்தில் சிகிச்சைக்கு வந்தவரை மறுபடி தெருவில் பார்க்கும் வாய்ப்பு குறைவு. இங்கே அவர்தான் நம் ஆட்டோக்காரர். அவர் மகளும் நம் மகளும் ஒரே வகுப்பு.

அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன்: “அண்ணே, வெளியில பார்த்தா நானா வந்து வணக்கம் வைக்க மாட்டேன். நீங்க பேசினா பேசுறேன், இல்லைன்னா தெரியாத ஆள் மாதிரி போயிடுவேன். கோவிச்சுக்காதீங்க.” சிலர் சிரிப்பார்கள். பலருக்கு அப்போதுதான் மூச்சு சீராகும்.

அடுத்த சிக்கல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வரும் போன். “நம்ம ஆளு உங்ககிட்ட வர்றானாமே, இப்போ குடிக்கிறதில்லையா?” கேட்பவருக்கு உண்மையிலேயே அக்கறை இருக்கலாம். ஆனால் அப்படி ஒருவர் வருகிறார் என்பதைக்கூட நான் ஒப்புக்கொள்ளக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருளால் வரும் மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை என்கிறது அதன் 23ஆம் பிரிவு. யாருக்காவது உயிராபத்து என்பதுபோன்ற சில நிலைமைகள் மட்டுமே விலக்கு. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் குடியிருப்பவருக்கு வேலை போனால் வீடும் போகும். “பரவாயில்லை, நல்லா இருக்கார்” என்று நல்லெண்ணத்தில் சொல்வதும், மறுநாள் இலை எடை போடும் இடத்தில் ஊர்ப்பேச்சாகிவிடும்.

மனைவிமார் கேட்பதை மறுப்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். “சார், தெரியாம காபியில கலந்து குடுத்துடுறேன், அந்த மாத்திரைய மட்டும் எழுதி வாங்கித் தாங்க.” அவர்கள் கேட்பது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும்; உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. மருத்துவர் பரிசோதித்து, குடிப்பவரே விவரம் தெரிந்து சம்மதித்தால்தான் தர வேண்டிய மருந்து. ‘அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. தாங்கள் விற்கும் மருந்துக்குள் என்ன இருக்கிறது என்பதையும்தான்.

சிகிச்சைக்கு வருபவர் கேரட்டோ டீத்தூள் பொட்டலமோ கொண்டுவந்தால் ஊழியர் எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிடுகிறோம். திருப்பிக் கொடுத்தால் மனம் நோகும். கடன் கொடுப்பது, வாங்குவது, சீட்டில் சேர்வது எதுவும் கிடையாது. குடியிலிருந்து மீண்டு எங்களோடு வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. “நானும் உன்ன மாதிரிதான்” என்ற நெருக்கத்தில் கைமாற்று கேட்பது சுலபம், கொடுக்காமல் இருப்பது சிரமம்.

இரவில் என் சொந்த எண் அணைந்திருக்கும். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், எந்நேரமும் உண்டு. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பு வந்தாலோ, குழம்பிப்போய் இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டாலோ யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்துசேர நேரமாகும்.