டெங்கு என்று வந்த பையன்

போன வருடம் ஐப்பசி அடைமழையில் எங்கள் லேப் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: பிளேட்லெட் எவ்வளவு? அவர்களில் ஏழு வயதுப் பையன் ஒருவன். பத்து நாளாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, ராத்திரியானால் கால் வலிக்கிறது என்று அழுகிறான். பிளேட்லெட் 62,000. அம்மா நிலவேம்புக் கசாயமும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்துக்கொண்டிருந்தார். டெங்குதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

மெஷின் ரிப்போர்ட்டில் வெள்ளையணு 7,800. நார்மல்தான். அவற்றில் லிம்போசைட் என்ற வகை 84 சதவீதம்; வைரஸ் காய்ச்சலிலும் அது ஏறும். ஆனால் ஹீமோகுளோபின் 6.8. டெங்குவில் நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படும். ரத்தப்போக்கு இல்லாமல் ஹீமோகுளோபின் இப்படி இறங்காது. எனக்கு அது உறுத்தியது.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிதாக இழுத்து (இதுதான் ஸ்மியர்), லீஷ்மன் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மெஷின் லிம்போசைட் என்று எண்ணியவற்றில் பெரும்பாலானவை லிம்போசைட்டே இல்லை. செல்லையே அடைத்துக்கொண்டு பெரிய உட்கரு, அதைச் சுற்றி நகக்கீற்றுப்போல நீல விளிம்பு, உட்கருவுக்குள் வெளிறிய புள்ளி ஒன்றிரண்டு. இவைதான் பிளாஸ்ட். எலும்பு மஜ்ஜையில் வளர்ந்து முடிந்து வரவேண்டிய அணுக்கள், முதிராமலே ரத்தத்துக்கு வந்துவிட்டன. டெங்கு இல்லை, ரத்தப் புற்றுநோய்.

ரத்தப் புற்றுநோய் என்றால் வெள்ளையணு லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்குத் தாண்டும். இவனைப் போல நார்மலாக இருப்பவர்களும், 2,000-க்குக் கீழே போனவர்களும் உண்டு. ஆகவே ஹீமோகுளோபின், பிளேட்லெட் என இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். செலவு அதிகமில்லை, அன்றைக்கே தெரிந்துவிடும்.

"நான் கொடுத்த சாறுதான் காரணமா டாக்டர்?" என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார். இல்லம்மா, நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது மஜ்ஜைப் பரிசோதனை. முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில் இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். இந்த ஊசி முதுகுத்தண்டுக்கே போவதில்லை. இடுப்பு எலும்பின் பின்பக்கம், கையால் தடவினால் தட்டுப்படும் மேட்டில் போடுவோம். தோலையும் எலும்பின் மேல்பரப்பையும் மரத்துப்போக வைப்போம். மஜ்ஜையை உறிஞ்சும் சில விநாடிகள் மட்டும் சுரீரென்று இழுக்கும். அதை நான் மறைப்பதில்லை. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துச் செய்வது நல்லது. மூளைக்கு நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பிறகு முதுகில் போடும் ஊசி வேறு.

அணுக்களின் மேலுள்ள அடையாளங்களை வைத்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு மஜ்ஜையை அனுப்பினோம். சிடி19, சிடி10 என்ற அடையாளங்கள் இரண்டும் இருந்தன: பி-செல் ஏஎல்எல், அதாவது முதிராத லிம்போசைட்டில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் இதுதான் அதிகம். முறையாகச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். அப்புறம் குரோமோசோம், ஜீன் சோதனைகள். 9-ஆம் குரோமோசோமுக்கும் 22-ஆம் குரோமோசோமுக்கும் இடையே துண்டு இடம் மாறியிருந்தால் இமாட்டினிப் போன்ற மாத்திரையும் சேரும். 15-க்கும் 17-க்கும் மாறியிருந்தால் அது ஏபிஎல் என்ற வேறு வகை ரத்தப் புற்றுநோய். அதில் ரத்தம் உறைவதே கெட்டு மூளையில் கசியலாம் என்பதால், சந்தேகம் வந்ததுமே மருந்து தொடங்குவார்கள், ஜீன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இன்னொரு சிறுமி, மூட்டு வீக்கத்தோடு வந்தாள். மூட்டுவாதம் என்று நினைத்து ஓர் இடத்தில் மூன்று வாரம் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். வலி போய்விட்டது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஏஎல்எல் சிகிச்சையின் முக்கிய மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று. பிளாஸ்ட்கள் அரைகுறையாகக் கரைந்துபோய், அவள் மஜ்ஜையில் என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து நோய் மறுபடி தலைதூக்கியபோதுதான் இன்னதென்று தெரிந்தது. காரணம் பிடிபடாத காய்ச்சலோ மூட்டுவலியோ உள்ள குழந்தைக்கு ஸ்டீராய்டு எழுதினால், அதற்கு முன்பே ஸ்மியர் பார்க்கச் சொல்லுங்கள்.

பையனின் ஸ்லைடுகளைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, ரிப்போர்ட்டோடு அவன் அப்பாவிடம் கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்களும் ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்களும் ஒருமுறை பார்ப்பார்கள்; சில சமயம் குழந்தைக்கு இன்னொரு ஊசி தேவைப்படாமல் போகும்.