நிறுத்திய பாதையிலும் தங்கியிருக்கும் மின்னூட்டம்

கீழக்கரை, மண்டபம், முதுகுளத்தூர்ப் பகுதிகளில் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் சிலர், ஒப்பந்தப் பணியாளர்களாக வட மாநிலங்களின் துணைமின் நிலையங்களுக்குச் செல்கிறார்கள். புறப்படும் முன் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் விளக்குவது, நீண்ட மின்பாதைகளில் மின்னூட்டத்தைத் தேக்கும் பெட்டிகளாக இணைக்கப்படும் தொடர் மின்தேக்கியைப் பற்றித்தான். இராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 110 கிலோமீட்டர். அவ்வளவு குறுகிய மின்பாதைக்கு அது தேவைப்படுவதில்லை என்பதால், ஊரில் வேலை பழகியவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மாறுமின்னோட்டப் பாதை நீள நீள, மின்னோட்டத்தை எதிர்க்கும் அதன் தூண்டல் மறுப்பும் கூடிக்கொண்டே போகும். 400 கிலோவோல்ட் பாதை ஒன்றில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.33 ஓம் என்று வைத்துக்கொண்டால், 400 கிலோமீட்டருக்கு 132 ஓம் ஆகிறது. பாதையோடு தொடராக இணைக்கப்படும் மின்தேக்கியின் மறுப்பு இதற்கு நேர் எதிரானது. அது 40 விழுக்காட்டை ஈடுசெய்தால் எஞ்சுவது 79 ஓம் மட்டுமே. அதே கம்பி, அதே கோபுரங்கள், ஆனால் பாதை கொண்டுசெல்லக்கூடிய உச்ச மின்திறன் கோட்பாட்டளவில் சுமார் 1.67 மடங்காகிறது. சத்தீஸ்கரின் ராய்ப்பூரையும் ஒடிசாவின் ரூர்கேலாவையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் பாதையில் இம்முறை கையாளப்பட்டிருக்கிறது.

இனி ஆபத்துக்கு வருகிறேன். மின்தேக்கிகள் அடுக்கப்பட்டிருக்கும் இரும்பு மேடை, உயரமான இன்சுலேட்டர் தூண்களின் மேல் நிற்கிறது. இரும்புச் சட்டம் என்றாலே எர்த் செய்யப்பட்டது என்று பழகிய கண்ணுக்கு அது சாதாரண மேடையாகவே தெரியும். ஆனால் பாதை இயங்கும்போது 400 கிலோவோல்ட் அமைப்பில் அந்த மேடை நிலத்தைவிட ஏறத்தாழ 230 கிலோவோல்ட் உயர்ந்த அழுத்தத்தில் இருக்கிறது. பாதையை நிறுத்திய பின்னும், அருகில் ஓடும் மற்றொரு பாதையின் தூண்டலால் அதில் மின்னழுத்தம் தோன்றலாம். எனவே பாதையிலிருந்து பிரித்துவைக்கும் சுவிட்சான ஐசோலேட்டர் இருபுறமும் திறக்கப்பட்டு, மேடையும் எர்த் செய்யப்பட்ட பிறகே ஏணியில் கால் வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் ஆபத்து முடிவதில்லை. ஒவ்வொரு மின்தேக்கிப் பெட்டிக்குள்ளும் மின்னூட்டத்தை வடியச் செய்யும் தடை இருக்கிறது. அது வேலை செய்யச் சில நிமிடங்கள், பல வகைகளில் 10 நிமிடங்கள் வரை ஆகும். நான் பணிக்குச் சேர்ந்த தொடக்கக் காலத்தில், பாதையை நிறுத்தி 20 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்து, மின்தேக்கி வரிசை முழுவதையும் எர்த் செய்த பின்னர், மூத்த தொழிலாளி ஒருவர் மின்னிறக்கக் கோலை நீட்டி, ஒரேயொரு பெட்டியின் முனைகளைத் தனியாக ஷார்ட் செய்தார். வெடிபோன்ற ஓசையுடன் பொறி பறந்தது. அந்தப் பெட்டியின் ஃபியூஸ் முன்பே போயிருந்ததால் அது வரிசையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. உள்ளிருந்த தடையும் பழுதாகியிருந்தது. வரிசைக்குப் போட்ட எர்த் அந்தப் பெட்டியை எட்டவே இல்லை. அவர் கோலை நீட்டியிராவிட்டால், அடுத்து அதைத் தொட்டிருப்பது என் கைதான்.

30 மைக்ரோஃபாரட் பெட்டி ஒன்றில் 7 கிலோவோல்ட் தங்கியிருந்தால், அதிலுள்ள ஆற்றல் சுமார் 735 ஜூல். மருத்துவமனையில் இதயத் துடிப்பை மீட்கக் கொடுக்கும் அதிர்ச்சியின் உச்ச அளவு வழக்கமாக 360 ஜூல். மார்கழிப் பனியில் உப்புப் படிந்த பீங்கான் இன்சுலேட்டர் சீறுவதைக் கேட்டே ஆபத்தை அறிந்துகொள்ளும் நம் கடற்கரைப் பிள்ளைகள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: மின்னூட்டம் தங்கிய மின்தேக்கி சிறிதும் ஒலி எழுப்பாது.

ஒருமுறை ஷார்ட் செய்துவிட்டுக் கோலை எடுத்துவிடுவதும் தவறு. மின்காப்புப் பொருளுக்குள் ஊறிய மின்னூட்டம் மெல்ல வெளிவந்து, முனைகளில் மீண்டும் அழுத்தத்தை ஏற்படுத்தும். ஆகவே ஒவ்வொரு பெட்டியையும், குறிப்பாக உப்பியதையும் ஃபியூஸ் போனதையும், தனித்தனியே மின்னிறக்கம் செய்து, முனைகளைக் கம்பியால் பிணைத்து, வேலை முடிந்து கடைசி ஆள் மேடையிலிருந்து இறங்கும் வரை அந்தப் பிணைப்பை அகற்றாமல் வைத்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும், அது முடியும் வரை பெட்டியைத் தொட மறுக்கலாம், மறுக்கவே வேண்டும்.