பிசின் வேறு, குங்கிலியம் வேறு

வயலின் வில்லில் பிசின் தடவ வேண்டுமாம். மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் படித்தேன். ஆங்கிலத்தில் 'ரெசின்' (resin) என்பது குங்கிலியம், 'கம்' (gum) என்பதுதான் பிசின். ரெசினைப் பிசின் ஆக்கும் இந்தத் தவறு எத்தனையாவது முறை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். சொன்னபடி செய்தால் வில்லில் கட்டிய குதிரைமுடி ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துபோகும்; அப்புறம் நாதம் எங்கே வரும்?

பிசுக்கு, பிசுபிசுப்பு எல்லாம் பிறந்த 'பிசு'தான் பிசினுக்கும் அடி. கருவேலம் பிசினையும் முருங்கைப் பிசினையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: ஒன்று கரையும், மற்றது ஊறி உப்பும். தீயில் போட்டால் கருகும். குங்கிலியம் நேர்மாறு. தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டிலோ டர்பன்டைனிலோ கரையும், சூட்டில் இளகும், நெருப்பில் மணக்கும். மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிப் புகைத்தார் திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார். நம் மொழிபெயர்ப்பாளர் கையில் அகப்பட்டால் அவர் பிசின் கலயர் ஆகியிருப்பார்.

வில்லில் தடவுவது, பைன் மரக் குங்கிலியத்திலிருந்து டர்பன்டைன் எண்ணெயை வடித்தபின் எஞ்சும் கட்டி.

ஒரு சாரார் ரெசினுக்குப் 'பிசின்' என்றும், கம் என்பதற்குக் 'கோந்து' என்றும் பங்கு பிரிக்கிறார்கள். கோந்து வடக்கிலிருந்து வந்த சொல் என்பதல்ல என் சண்டை. குங்கிலியத்தையே வடமொழிக் 'குக்குலு'வின் திரிபு என்பார்கள். கோந்து என்றதும் இன்று நினைவுக்கு வருவது காகிதம் ஒட்டும் பசைப் புட்டி. அதோடு, இந்தப் பங்கீட்டை ஏற்றால் கருவேலம் பிசினும் ரெசின் ஆகிவிடும். தலைமுறை தலைமுறையாகச் சரியாக வழங்கும் பெயரைப் பிடுங்கி இன்னொன்றுக்குச் சூட்டுவானேன்? 'மரப்பால்' என்போர் இன்னும் மோசம். பால் என்பது ரப்பர் மரத்திலும் எருக்கிலும் வடிவது. அது மூன்றாவது சரக்கு.

குங்கிலியம் குறிப்பிட்ட சில மரங்களுடையது, பொதுப்பெயராகுமா என்று கேட்கிறார்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், போதாக்குறைக்கு மண்ணெண்ணெய்! அதற்கு விரிந்த சொல் இதற்கு விரியாதா?

பெருங்காயம் போலப் பிசினும் குங்கிலியமும் கலந்தவையும் உண்டு. அவற்றைப் பிசின்குங்கிலியம் என்று சேர்த்தே சொல்லலாம், குழப்பமில்லை. ஆலையில் செய்யும் ஒட்டுப்பொருளான எபோக்சியை மட்டும் 'எபோக்சி ரெசின்' என்றே விட்டுவிடுங்கள். 'எபோக்சி பிசின்' என்று அச்சிடுகிறவர்கள் அதை ஒரு தடவை தண்ணீரில் கரைத்துக் காட்டட்டும்.